புங்கமரத்தடிக் கீழ்ச்சபை

பிப்ரவரி 3, திங்கள்

கூட்டுறவு வங்கியில் கொடுத்த புது வருஷ டைரி ஒரு மாதமாக டிவிக்கு அடியில் தூசி தின்றுகொண்டிருந்தது. முகப்பில் 'மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு' என்று பொன் எழுத்து. இன்று தட்டி எடுத்துக்கொண்டேன். பின்னாளில் எங்கள் வார்டின் வரலாற்றை எழுத யாராவது உட்கார்ந்தால் ஆதாரம் வேண்டாமா?

பெயர் முத்தழகு. வயது ஐம்பத்து நான்கு. செக்கடித் தெருவில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. அத்தோடு வார்டு கவுன்சிலர். சட்டப்படி சொன்னால் கவுன்சிலர் என் மனைவி திலகராணி. நான் நிற்கலாம் என்று வேட்டியெல்லாம் தைத்து வைத்திருந்த நேரத்தில் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தெருத் தெருவாக நான் சேர்த்த பேரை வீணாக்க முடியுமா? திலகத்தை நிறுத்தினேன். போஸ்டரில் என் படம் பெரிது, அவள் படம் பக்கத்தில் பாஸ்போர்ட் அளவு. ஜெயித்தாள். அதாவது, ஜெயித்தோம்.

மாநகராட்சி கொடுத்த எண் உள்ள போன் என் சட்டைப்பையில்தான் இருக்கும். 'கவுன்சிலர் போன்' என்போம். தினமும் காலையில் அதிலிருந்து வார்டுக் குரூப்பில் செய்தி போடுவது என் வேலை. இன்றைய செய்தி:

'என் இனிய வார்டு சொந்தங்களே! மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் நாளை வடக்குத் தெருவிலும் செக்கடித் தெருவிலும் குடிநீர் வராது. தாயுள்ளத்தோடு பொறுத்தருள வேண்டுகிறேன். என்றும் உங்கள் சேவையில், உங்கள் அன்புச் சகோதரி திலகராணி முத்தழகு.'

கூடவே ஒரு ரோஜாப்பூப் படம். திலகத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் வராது. அவளுக்குப் பட்டன் போனே போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

தெருநாய்களுக்குத் தடுப்பூசி முகாம் அறிவித்தேன். நாயைப் பிடித்து வருவது யார் என்று பதினைந்து பேர் கேட்டார்கள். கைகூப்பும் படம் போட்டேன்.

மதியச் சாப்பாடு தாமதம். மீன் வாங்கப் போன திலகம் போனவள்தான். வார்டு முக்கில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தையில் மீன்காரி சவரியம்மாள் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாளாம். கவுன்சிலர் அப்படிச் சாக்கில் உட்காரலாமா என்று கேட்டேன். "அவுகளும் சாக்குலதான உக்காந்திருக்காக" என்றாள். மீன் குழம்பு நன்றாக இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இரவுச் சாப்பாட்டில் திலகம் திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, சந்தையில இருக்க பொம்பளைக தண்ணியே குடிக்கிறதில்லை, தெரியுமா உங்களுக்கு?"

"ஏன், அங்கதான் குழாய் போட்டுக் குடுத்திருக்கோமே. திறப்பு விழாவுக்குக்கூட நான் வந்தேன்ல."

"குழாய் இருக்கு. குடிச்சா போறதுக்கு எடம் வேணும்ல? விடிகாலையில வீட்ல குடிக்கிற காப்பித்தண்ணியோட சரி. அப்புறம் பொழுது சாஞ்சு வீட்டுக்குப் போய்த்தான் செம்பைத் தூக்குதுக. இந்த வெயில்ல."

ஆம்பளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்து, சந்தை ஓரத்தில் எப்போதும் நனைந்து நாறும் அந்தச் சுவர் ஞாபகம் வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

"வார்டு நிதியில ஒரு கழிப்பறை கட்டலாம்ல? மார்ச்சுக்குள்ள தீர்மானம் போடலைன்னா இந்த வருஷத்து நிதி போயிருமாமே?"

இதெல்லாம் இவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்றேன். அரசியலில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

பிப்ரவரி 14, வெள்ளி

தெரியாதென்று நினைத்தேன். இன்று காலை உதவிப் பொறியாளரைக் கூட்டிவந்து சந்தையில் இடத்தை அளந்தாயிற்று! சங்கரலிங்கம் ஓட்டலின் பின்சுவரை ஒட்டி மாநகராட்சிப் புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது, அங்கேதான், நாலு கதவு வைத்து. பொறியாளர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைத் திலகமே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். டேப் பிடிப்பதெல்லாம் கவுன்சிலருக்கு அழகல்ல என்றேன். மார்ச் மாமன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கிறார்களாம்.

சரி, நல்ல காரியம்தான். நானே யோசித்து வைத்திருந்ததுதான். குரூப்பில், 'நான் நெடுநாள் கண்ட கனவு நனவாகிறது' என்று போட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மாமன்றக் கூட்டம். மன்றத்துக்குள் உறுப்பினர்களின் கணவர்கள் வரக்கூடாது என்று போன வருஷம் உத்தரவு போட்டார்கள். அதனால் என்ன? சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புங்கமரம், அதைச் சுற்றி சிமெண்டு பெஞ்சு, எதிரே டீக்கடை. பத்துப் பன்னிரண்டு கணவன்மார்கள் வெள்ளையும் சொள்ளையுமாக அங்கேதான் உட்கார்ந்திருப்போம். உள்ளே இருப்பது மேல்சபை, நாங்கள் கீழ்ச்சபை என்று கோட்டைச்சாமி சொல்வார். பக்கத்து வார்டு மாரீஸ்வரியின் கணவர். மீசைக்கு மட்டும் தனியாக எண்ணெய் வாங்குகிறவர்.

எங்கள் முறை மிகவும் ஒழுங்கானது. என்ன பேசவேண்டும் என்று அவரவர் வீட்டில் முந்தின நாளே துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம். அம்மாக்கள் உள்ளே போய் வாசிப்பார்கள். வராந்தாவில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. நாங்கள் எழுதியதை நாங்களே கேட்டுத் தலையாட்டிக்கொண்டு டீ குடிப்போம். கவுன்சிலர் போன்கள் எல்லாம் எங்களிடம்தான். கூட்ட நேரத்தில் பொதுமக்கள் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது?

இன்று திலகம் நான் எழுதிக் கொடுத்த தெருவிளக்குச் சீட்டை முழுதாக வாசித்தாள். கடைசியில், "அந்தச் சந்தைக் கழிப்பறை அடுத்த மாசம் வருதுல்ல?" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அது சீட்டில் இல்லை.

"என்ன தம்பி, வீட்டம்மா சொந்தமா பேசுது?" என்றார் கோட்டைச்சாமி.

நான்தான் வாயால் சொல்லி அனுப்பினேன் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 5, புதன்

ஓட்டல் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார். கையில் சுடச்சுட அல்வா. தேர்தலின்போது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் ஓட்டலில்தான் சாப்பாடு.

"தம்பி, என் அடுப்படிக்குப் பின்னாடி கக்கூஸ் வந்தா எவன் என் கடையில இட்லி திங்க வருவான்? நீங்க நெனைச்சா நிறுத்திரலாம். கவுன்சிலரு நீங்கதானே?"

அந்தக் கடைசி வரியை அவர் சொன்ன விதம் இருக்கிறதே! அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அதே நிதியில் செக்கடித் தெரு முகப்பில் ஓர் அலங்கார வளைவு வைக்கலாமாம். மேலே பெரிதாக 'திலகராணி முத்தழகு' என்று எழுதலாமாம். "கக்கூஸ்ல யாரும் பேரை நின்னு படிக்க மாட்டாங்க தம்பி. வளைவு காலத்துக்கும் நிக்கும்."

அல்வா நல்ல பதம்.

மார்ச் 6, வியாழன்

குரூப்பில் போட்டேன்: 'என் இனிய வார்டு சொந்தங்களே! வணிகப் பெருமக்களின் கோரிக்கையைப் பரிசீலித்து, சந்தைக் கழிப்பறைத் திட்டத்தை நான் கைவிடுகிறேன். அதற்குப் பதிலாக நம் தெருவுக்கு மாபெரும் அலங்கார வளைவு! என்றும் உங்கள் சேவையில், உங்கள் அன்புச் சகோதரி.'

கை தட்டும் படங்கள் நிறைய வந்தன. திலகத்திடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். இன்று அவளுக்குத் தலைவலி என்று தோன்றியது. நாளை சொல்லலாம்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் முகம் வாட்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வேறு.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் பரிதி போன் செய்தான். "அப்பா, குரூப்புல வளைவுன்னு போட்டது அம்மாவா, நீங்களா?" என்றான். ஏன்டா என்று கேட்டேன். "அம்மா 'மாபெரும்'னு எழுத மாட்டாங்களே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இவனையெல்லாம் படிக்க வைத்தேன்.

மார்ச் 8, சனி

உலக மகளிர் தினம். வார்டு அலுவலகத்தில் கோலப்போட்டி. பெண்ணுரிமை பற்றி நான் அரைமணி நேரம் தலைமையுரை ஆற்றினேன். திலகம் பரிசு கொடுத்தாள். சந்தையிலிருந்து ஒருவரும் வரவில்லை. வியாபார நாள்.

மார்ச் 11, செவ்வாய்

மீன் இல்லை. திலகம் வெறும் கூடையோடு திரும்பினாள். காசை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். "கவுன்சிலரம்மாவுக்கு எங்க மீனு ஆகாது" என்றாளாம் ஒருத்தி. சவரியம்மாளையும் காணோமாம். இரண்டு நாளாக வரவில்லையாம்.

"நான் என்னங்க செஞ்சேன் அவுகளுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

கடலில் வரத்துக் குறைவு, அந்த எரிச்சலாக இருக்கும் என்றேன். ரசமும் அப்பளமும்.

மார்ச் 13, வியாழன்

சவரியம்மாள் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரிந்து திலகம் பார்க்கப் போனாள். சாயங்காலம் வந்தாள். குளிர்காய்ச்சலாம், நீர்த்தாரையில் கிருமியாம், சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். தண்ணீரே குடிக்காமல், போகாமல் அடக்கி அடக்கி வந்த வினை என்று டாக்டர் திட்டினாராம். இதை எல்லாம் திலகம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அந்தக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது, 'கட்டித் தாரேன்னு எங்க பக்கத்துல வந்து உக்காந்துட்டு நீயே வேணாம்னு எழுதிட்டியே தாயி'ன்னு. நான் எதை எழுதினேன்னு எனக்கே தெரியலை. அவுக மகதான் போனைக் காட்டுச்சு."

நான் விளக்கினேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி, தேர்தல், அடுத்த தேர்தல், வளைவு, எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

திலகம் பேசவில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 15, சனி

அப்படியே.

மார்ச் 18, செவ்வாய்

திலகம் தனியாகப் பஸ் ஏறி மண்டல அலுவலகத்துக்குப் போய்வந்தாள். பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்று நான் சாவியைத் தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது.

உதவிப் பொறியாளர் குரூப் செய்தியைப் பார்த்து, கவுன்சிலரே கைவிட்டுவிட்டார் என்று அஜெண்டாவிலிருந்து கழிப்பறையை எடுத்துவிட்டு வளைவைச் சேர்த்துவிட்டாராம். அஜெண்டா அச்சாகியும் விட்டது. இனி ஒரே வழிதான். 27ஆம் தேதி கூட்டத்தில் திலகமே எழுந்து கேட்கவேண்டும், மேயர் அனுமதிக்கவேண்டும், இரண்டு உறுப்பினர்களாவது ஆதரிக்கவேண்டும். விட்டால் நிதி போயிற்று. அடுத்த வருஷ நிதிக்கு ஏற்கெனவே வடிகால் வேலை காத்திருக்கிறது.

"அந்தச் செய்தி நான் போடலைன்னு சொல்லப்போறேன்" என்றாள். நாலு நாளுக்கு அப்புறம் இன்றுதான் என்னிடம் பேசுகிறாள்.

யார் போட்டது என்று அடுத்த கேள்வி வருமே? ஊர் சிரிக்காதா?

மார்ச் 26, புதன்

ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். யாருக்கும் மானக்கேடு இல்லாமல், பாம்பும் சாகாமல் தடியும் ஒடியாமல் ஒரு சீட்டு. 'கழிப்பறைத் திட்டம் கைவிடப்பட்டதாக எனது குழுவில் வெளியான செய்தி, கைபேசிக் கோளாறால் நேர்ந்த தவறு.' முத்துமுத்தான எழுத்தில் எழுதித் திலகத்திடம் கொடுத்தேன். இருமுறை படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்பாடா. என்ன இருந்தாலும் விவரமானவள்.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கீழ்ச்சபை நிறைந்திருந்தது. நிதி வருஷத்தின் கடைசிக் கூட்டம் என்பதால் ஒருவர் பாக்கியில்லை. கோட்டைச்சாமி எல்லோருக்கும் வடை சொன்னார். திலகத்தின் குரல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மாண்புமிகு மேயர் அவர்களே, துணை மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, வணக்கம். சந்தையில் அமைய இருந்த கழிப்பறைத் திட்டம் கைவிடப்பட்டதாக எனது குழுவில் வெளியான செய்தி, கைபேசிக் கோளாறால்..."

நின்றுவிட்டது. பெட்டியில்தான் கோளாறோ என்று ஒருவர் எழுந்துபோய்த் தட்டிப் பார்த்தார்.

"இது என் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்த சீட்டு" என்றாள் திலகம். "இதுல இருக்கது பொய். போன்ல ஒரு கோளாறும் இல்லை. அந்தச் செய்தியை எழுதினதும் அவருதான். இதுவரைக்கும் என் பேர்ல வந்த எல்லாத்தையும் எழுதினது அவருதான். என்னோட போனை நான் தொட்டே ரெண்டு வருஷம் ஆகுது. குடுத்தது என் தப்பு."

புங்கமரத்தடியில் வடை மெல்லும் சத்தம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கிளாஸுக்குள் பார்த்தேன்.

உள்ளே ஒரே கூச்சல். எதிர்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "அப்ப இவ்வளவு நாளும் அந்த வார்டுக்குக் கவுன்சிலரு யாரும்மா?"

"இவ்வளவு நாளும் அவரு. இன்னியில இருந்து நான்."

மேசைகளைத் தட்டும் சத்தம் வராந்தா வரைக்கும் வந்தது. சத்தம் அடங்கும்வரை திலகம் காத்திருந்தாள் போல. அப்புறம் அவள் பேசியது ஒரு நிமிடம் இருக்கும். சவரியம்மாள் பேரைச் சொன்னாள், ஆஸ்பத்திரியைச் சொன்னாள். "ஐயா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம ஊருக்குச் சோத்துக்குக் காயும் மீனும் குடுக்கிற பொம்பளைக, நாக்கு வறண்டு உக்காந்திருக்காக. எனக்கு வளைவு வேணாம். அந்த நாலு கதவு போதும்" என்றாள். கடைசி வரியில் குரல் லேசாக நடுங்கியது. முப்பது வருஷமாக என் பக்கத்தில் இருக்கும் குரல். ஒருமுறைகூட அதை நான் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

மேயர், ஆதரிப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

அப்போதுதான் கோட்டைச்சாமிக்கு உயிர் வந்தது. "டேய், இது பரவுனா நம்ம அத்தனை பேர் பொழப்பும் நாறிரும். அவங்கவங்க வீட்டம்மாவுக்கு உடனே மெசேஜ் போடுங்க, எந்திரிக்கக் கூடாதுன்னு!" அவரே முதலில் தன் போனை எடுத்துத் தட்டினார்.

'டிங்' என்றது அவருடைய தோள்பை.

அவர் கவனிக்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி 'டிங்'. பொறுமையிழந்து கூப்பிட்டே பார்த்தார். தோள்பைக்குள்ளிருந்து மாரீஸ்வரி அம்மாளின் கவுன்சிலர் போன் நாதஸ்வரம் வாசித்தது. அதற்குள் பெஞ்சு முழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் சட்டைப்பையில் பக்திப் பாட்டு, ஒருவர் இடுப்பில் குயில் கூவல், இன்னொருவர் பைக் பெட்டிக்குள் குழந்தை சிரிப்பு. அத்தனை பேரும் அத்தனை மனைவிகளையும் அவசரமாகக் கூப்பிட, அத்தனை போனும் எங்கள் மடியிலேயே அடித்துக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் பால் பொங்கியதைக்கூடப் பார்க்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய குரல். "நான் ஆதரிக்கிறேங்க. எங்க வார்டுப் பொம்பளைகளும் அந்தச் சந்தையில இருக்காக."

"யாருய்யா அது?" என்றார் கோட்டைச்சாமி.

"உங்க வீட்டம்மாண்ணே" என்றேன்.

"நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே" என்றார். பாவம், மீசை துடித்தது.

அதற்குப் பின் இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. யார் யாருடைய மனைவி என்று எங்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை. வளைவை எடுத்துவிட்டுக் கழிப்பறையைச் சேர்த்துத் தீர்மானம் நிறைவேறியது என்று மேயர் அறிவித்தார்.

கூட்டம் முடிந்து திலகம் வெளியே வந்தாள். நான் பைக்கை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வாய்க்கால் பாலம் வந்ததும் பின்னாலிருந்து கையை நீட்டினாள். வண்டியை ஓரம் கட்டிச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன்.

"பூட்டு நம்பர்?"

"என் பொறந்தநாள்."

"மாத்திருங்க" என்றாள்.

அங்கேயே, லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, பாலத்து ஓரத்தில் நின்று மாற்றிக் கொடுத்தேன். புது நம்பரை அவள் தட்டும்போது என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள்.

வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இதில் எதை அவளிடம் சொல்வதென்று தெரியாமல், பூ வேண்டுமா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 28, வெள்ளி

கடையைத் திறந்தேன். "என்ன முன்னாள் கவுன்சிலரே!" என்று மூன்று பேர் கூப்பிட்டார்கள். கடையை மூடினேன்.

மார்ச் 30, ஞாயிறு

திலகம் போட்ட முதல் வார்டுச் செய்தி: 'நாளைக்குக் காலையில் தண்ணீர் வராது. மோட்டார் ரிப்பேர். சாயங்காலம் வரும். வராவிட்டால் எனக்கு போன் பண்ணுங்கள். திலகராணி.'

ரோஜாப்பூ இல்லை. சொந்தங்களே இல்லை. தந்தி மாதிரி இருக்கிறது. மக்களுக்கு இது பிடிக்காது என்று அடித்துச் சொல்வேன்.

மார்ச் 31, திங்கள்

சாயங்காலம் தண்ணீர் வரவில்லை. ராத்திரி வரைக்கும் திலகத்துக்கு போன் மேல் போன். எல்லோரிடமும் பேசினாள். திட்டியவர்களிடமும் பேசினாள். தட்டில் சோறு காய்ந்தது. எனக்கெல்லாம் போன் வந்தால் 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி தயாராக இருக்கும். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து தட்டை அவள் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கடையை ஒழுங்காகத் திறக்கிறேன். ரெண்டு வருஷமாகப் பழுதுக்கு வந்து கிடந்த மிக்சிகளின் சொந்தக்காரர்களே அவற்றை மறந்துவிட்டிருக்கிறார்கள். ஒருவர், "நான் புதுசு வாங்கிட்டேனே கவுன்... அண்ணே" என்றார்.

கோட்டைச்சாமி வந்தார். அவருடைய வீட்டிலும் போன் கைமாறிவிட்டதாம். "எல்லாம் உன்னாலதான்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குப் போனால் புங்கமரத்தடியில் இப்போது நாலைந்து பேர்தான் என்று வருத்தப்பட்டார். சீட்டு விளையாட ஆள் சேரவில்லையாம்.

சவரியம்மாள் குணமாகிச் சந்தைக்கு வந்துவிட்டார். வீட்டில் இன்று மீன்.

ஜூன் 12, வியாழன்

சந்தையில் சுவர் எழும்பிவிட்டது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பூசிவிட்டுப் போனால் சுவரை நனைப்பதே இல்லை, வெடித்துவிடும் என்று திலகம் கவலைப்பட்டாள். யாரையாவது அனுப்பலாம் என்றேன். யாரை என்பதுபோல் பார்த்தாள்.

எனவே காலையும் மாலையும் ஓஸ் பைப்பைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் காட்டுவது நான். சங்கரலிங்கம் அண்ணாச்சி பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். "வளைவு கட்டவேண்டிய ஆளு இங்க நிக்கிறீகளே தம்பி" என்றார். பைப்பைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினேன். கை தவறித்தான்.

ஜூலை 22, செவ்வாய்

கதவு மாட்டியாயிற்று. உட்பக்கத் தாழ்ப்பாள் நாலில் ஒன்று சரியாக விழவில்லை. கடையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்து நானே சரிசெய்தேன். சந்தைப் பெண்கள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திலகத்திடம் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். நான் போனால் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் ஒருதடவைகூடப் போகவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

திறந்துவிட்டார்கள். திறப்பு விழா என்று ஒன்று வைக்கவில்லை. பந்தல் இல்லை, மைக் இல்லை, ரிப்பன்கூட இல்லை. தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, பெருக்க ஆள் வந்தாயிற்றா என்று திலகம் பார்த்தாள், பூட்டை எடுத்தாள், அவ்வளவுதான். குரூப்பில் செய்தி: 'சந்தைக் கழிப்பறை இன்று முதல் உண்டு. காலை ஐந்து முதல் இரவு எட்டு வரை. அசுத்தமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். திலகராணி.'

கைதட்டும் படம் ஒன்று போட்டேன். சாதாரண உறுப்பினராக நான் போட்ட முதல் படம்.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல வெயில். ஒரு கிரைண்டருக்குப் பெல்ட் வாங்கப் போனவன் சந்தை வழியாக வந்தேன். சவரியம்மாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு பெண், கருவாட்டுக் கூடையோடு.

"யாருக்கா இது, நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நம்ம கவுன்சிலரம்மா வீட்டுக்காரரு" என்றார் சவரியம்மாள். அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆறு மாதத்தில் இப்போதுதான் நேராகப் பார்க்கிறார். வாய்க்குள் என்னவெல்லாமோ வந்தது. மன்னிப்புக் கேட்பதென்றால் எங்கே ஆரம்பிப்பது? உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்கேன்ணே. கையெல்லாம் மீனு, குழாய்க்குப் போக முடியலை. தொண்டை வறளுது. அந்தப் பெட்டிக்கடையில ஒரு பாட்டில் தண்ணி வாங்கியாறீகளா?"

வாங்கி, மூடியைத் திருகித் திறந்து கொடுத்தேன். மணிக்கட்டுகளுக்கு நடுவில் பாட்டிலை இடுக்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னொண்ணு வாங்கியாரட்டுமா?" என்று கேட்டேன்.

"வாங்கியாங்கண்ணே" என்றார், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் பொழுது கெடக்குல்ல."